மாமாவுக்கு நான் கட்டிக் கொடுத்த கயிறு

போன மாதக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், ‘மரம் ஏறும்போது இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிற்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா? கடையில் விலை அதிகமாக இருக்கிறது’ என்று கேட்டிருந்தார். ‘ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்குங்கள்’ என்று சுருக்கமாகப் பதில் வந்திருந்தது. சரியான பதில்தான். ஆனால், கேட்டவர் அதோடு விட்டிருக்க மாட்டார். இந்நேரம் மாட்டுக்கொட்டகையில் கிடந்த கயிற்றை எடுத்து அளந்து பார்த்திருப்பார். அந்த வேலையை நானும் செய்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அத்திப்பட்டு. எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் நடுவில் இருக்கிறது. ரயிலில் கும்மிடிப்பூண்டி பக்கம் போகிறவர்கள் புகைபோக்கிகளை வைத்தே ஊரை அடையாளம் சொல்வார்கள். அனல்மின் நிலையம், துறைமுகம், நிலக்கரி லாரி என்று வெளியூர்க்காரர்கள் கண்ணில் படுவது அவ்வளவுதான். அதற்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நெல் வயல் இருக்கிறது. வரப்பில் பனை, வீட்டுக்கு வீடு ரெண்டு தென்னை, வேம்பு, பூவரசு எல்லாம் இருக்கின்றன.

நான் இங்கே ஒரு கம்பெனியில் பல வருடம் குத்தகைத் தொழிலாளியாகச் சாரத்தில் ஏறி வேலை பார்த்தவன். அங்கே ஆறடிக்கு மேல் ஏறினால் பெல்ட் கட்டாயம். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் முழு உடல் பெல்ட். அதில் ரெண்டு கயிறு, ரெண்டு கொக்கி. ஒன்றைக் கழற்றும் முன் இன்னொன்றை மாட்டியிருக்க வேண்டும். மாட்டாமல் மேலே நின்றால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம் மதில் சுவரைத் தாண்டி வெளியே வந்தால், அதே ஆட்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு தென்னையில் ஏறி இளநீர் போடுவார்கள். பெல்ட்டும் கிடையாது, கயிறும் கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் யாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றியதே இல்லை.

அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, மரம் ஏறுகிறவர். தென்னை, பனை, கிளை கழிக்கும் வேலை எல்லாம் செய்வார். ஒருநாள் நான் கம்பெனியிலிருந்து பெல்ட்டோடு வந்தபோது அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “டேய் தம்பி, இந்த மாதிரி எனக்கு ஒண்ணு செஞ்சு குடுடா. கிளை வெட்டும்போது ரெண்டு கையும் வேணுமில்ல” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பழைய அகலப் பட்டையில் இடுப்பு பெல்ட் தைத்தேன். காசிமேட்டில் வாங்கி வந்த ‘நைலான்’ கயிற்றில் எட்டு அடி வெட்டி, ரெண்டு முனையிலும் இரும்புக் கொக்கி வைத்து முடிச்சுப் போட்டேன். பார்ப்பதற்கு கம்பெனியில் கொடுக்கிற கயிறு மாதிரியே இருந்தது. மாமா ரெண்டு வருடம் அதைத்தான் பயன்படுத்தினார். வேலை முடிந்ததும் மாட்டுக்கொட்டகைக் கூரை மேல் வீசிவிடுவார்.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் வந்தது. சென்னைக்காரர்கள் யாரும் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கமும் விழுந்த மரங்களுக்குக் கணக்கில்லை. விழுந்த மரத்தை வெட்டுவது சுலபம். விழாமல் பாதி முறிந்து மேலே தொங்கும் கிளைதான் ஆபத்து. மாமாவுக்குப் பொங்கல் வரை ஓய்வில்லாத வேலை. ஜனவரியில் ஒருநாள், ஒரு வீட்டு வேப்பமரத்தில் முறிந்த கிளையை அறுக்க ஏறினார். ரெண்டு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டு, பின்னால் சாய்ந்து ரம்பத்தை எடுத்திருக்கிறார். கயிறு முடிச்சிலேயே அறுந்துவிட்டது.

கீழே செங்கல் குவியல் இருந்தது. குதிகால் எலும்பும் இடுப்பெலும்பும் உடைந்தன. பதறிப்போய் நாலு பேர் கை காலைப் பிடித்துத் தூக்கி ஷேர் ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். அது இன்னொரு தப்பு. உயரத்திலிருந்து விழுந்தவருக்கு முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம். அசைக்காமல் படுத்தபடியே விட்டு, 108-க்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்க வேண்டும். மாமாவுக்கு முதுகு தப்பியது அதிர்ஷ்டம்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “நீ கட்டிக் குடுத்த கவுறு தானேடா?” அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை.

மாமாவுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அறுந்த கயிற்றை எடுத்துக்கொண்டு காட்டுக்குப்பம் போனேன். எங்களுக்குப் பக்கத்து மீனவ ஊர். வலையும் கயிறுமாகவே வாழ்ந்த ஒரு பெரியவரை எனக்குப் பழக்கம். கயிற்றைக் கையில் வாங்கினார். புரியைத் திருகிப் பிரித்தார். உள்ளிருந்து வெள்ளையாகப் பொடி கொட்டியது. “இது நைலான்னு எவன் சொன்னான்?” என்று கேட்டுவிட்டு, ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டார். அது மிதந்தது. தன் வலைக்கூடையிலிருந்து இன்னொரு துண்டை வெட்டிப் போட்டார். அது மூழ்கியது. “மூழ்குது பாரு, இதுதான் நைலான். உன்னுது மெதக்குற கவுறு. தண்ணிக்கு நல்லது. ஆள் தொங்க ஆவாது, தம்பி.”

கடையில் நாம் நைலான் கயிறு என்று கேட்டு வாங்குவதில் பாதிக்கு மேல் பாலிப்ரொப்பிலீன்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நீலம், மஞ்சள், பச்சை நிறத்தில் பளபளவென்று, விலை மலிவாக இருக்கும். ஆடு மாடு கட்டவும், வண்டிப் பாரம் கட்டவும் போதும். ஆனால், வெயிலைத் தாங்காது. கூரை மேல் ரெண்டு கோடை கிடந்தாலே மேல்நார் முறுகி உதிர ஆரம்பித்துவிடும். சூட்டையும் தாங்காது. சுமார் 165 டிகிரியிலேயே உருகிவிடும். நைலானும் பாலியெஸ்டரும் உருக 220 டிகிரிக்கு மேல் போக வேண்டும். மரத்தில் வேகமாக உரசினால் வரும் சூட்டுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். வாளித் தண்ணீர் சோதனையை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும்.

பெரியவர் காட்டிய இரண்டாவது தப்பு முடிச்சு. “முடிச்சு கவுத்தத் தின்னும்” என்றார். கயிறு நேராக இருக்கும்போது எல்லா நாரும் சமமாக இழுக்கும். முடிச்சில் வளையும் இடத்தில் வெளிப்பக்க நார்தான் முழுப் பாரத்தையும் வாங்குகிறது. எந்த முடிச்சு என்பதைப் பொறுத்து, மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைகூட பலம் போய்விடும். கயிறு எப்போதும் முடிச்சு ஓரத்தில் அறுவது அதனால்தான். புரியைப் பிரித்துக் கயிற்றுக்குள்ளேயே திரும்பப் பின்னிவிட்டால், பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பலம் குறையும். படகில் நங்கூரக் கயிற்றுக்குக் காது வைப்பது அப்படித்தான். துறைமுகத்தில் இதை ஸ்பிளைஸ் என்பார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த பழைய கயிற்றில் ஒரு சோதனை செய்தேன். எழுபது கிலோ மணலை மூட்டையாகக் கட்டி, புங்கமரக் கிளையிலிருந்து அந்தக் கயிற்றில் மெதுவாகத் தொங்கவிட்டேன். தாங்கியது. பிறகு மூட்டையை ஒரு மீட்டர் மேலே தூக்கி விட்டேன். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை, அறுந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், “மூட்டை அதே மூட்டைதானே?” என்றார். மூட்டை அதேதான், பாரம் அதே இல்லை. ஒரு மீட்டர் விழுந்த எழுபது கிலோவை பத்து சென்டிமீட்டருக்குள் கயிறு நிறுத்த வேண்டுமென்றால், அந்த நொடியில் சராசரியாகப் பதினோரு மடங்கு, அதாவது 770 கிலோ அளவுக்கு இழுப்பு வரும். உடம்புக்கும் அதே அடிதான். கயிறு அறாவிட்டாலும் ஆள் நொறுங்கிவிடுவார். கடையில் விற்கும் விழுகைத் தடுப்புக் கயிற்றில் ஒரு சின்னப் பொட்டலம் தைத்திருப்பார்கள். உள்ளே மடித்துத் தைத்த பட்டை இருக்கும். ஆள் விழுந்தால் அந்தத் தையல் வரிசையாகக் கிழிந்துகொண்டே போய், அடியை மெல்ல வாங்கிக்கொள்ளும். எத்தனை தையல், எந்த நூல் என்பதெல்லாம் கணக்குப் போட்டுச் செய்தது. நான் அதைப் பிரித்துப் பார்த்தேன். வீட்டில் செய்ய முடியாத ஒன்று இருக்கிறதென்றால் அதுதான்.

கேள்வி கேட்ட வாசகர் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பாதுகாப்புக் கயிறு என்று ஒரே பேரில் சொன்னாலும் வேலை ரெண்டு. முதலாவது, சாய்ந்து நிற்கும் கயிறு. பெல்ட்டில் இடுப்புக்கு ரெண்டு பக்கமும் இருக்கும் வளையத்தில் மாட்டி, மரத்தைச் சுற்றி வரும். அதில் சாய்ந்து நின்றால் ரெண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். எப்போதும் இறுக்கமாகவே இருப்பதால் அதில் பெரிய அடி விழாது. இரண்டாவது, விழுந்தால் பிடிக்கும் கயிறு. அது முதுகிலோ மார்பிலோ உள்ள வளையத்தில் மாட்டுவது. முதலாவதை, தெரிந்து செய்தால், கையால் செய்யலாம். இரண்டாவதையும், பெல்ட்டையும், கொக்கியையும் வாங்கித்தான் ஆக வேண்டும். நான் மாமாவுக்கு முதலாவதைச் செய்துகொடுத்துவிட்டு, அது இரண்டாவது வேலையையும் செய்யும் என்று ரெண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். முதல் வேலைக்கே லாயக்கில்லாத கயிறு அது.

இடுப்பு பெல்ட் மட்டும் போட்டு விழுந்தாலும் ஆபத்து. மொத்த இழுப்பும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் விழும். தலைகீழாகப் புரண்டு பெல்ட்டிலிருந்தே நழுவிவிடலாம். ஐ.எஸ். 3521 என்று அச்சிட்ட முழு உடல் பெல்ட் பாரிமுனைக் கடைத்தெருவில் கிடைக்கிறது. மாமாவின் சில நாள் கூலிதான் அதன் விலை. ஆஸ்பத்திரிக்கு ஆன செலவை நான் இங்கே எழுதப் போவதில்லை, அக்காவுக்குப் பிடிக்காது.

பெரியவரிடம் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போய்ப் பின்னக் கற்றுக்கொண்டேன். இப்போது நான் செய்யும் முறை இது.

12 அல்லது 13 மில்லிமீட்டர் கனமுள்ள, மூன்று புரி பாலியெஸ்டர் கயிறு. புதுசாக மட்டும். நைலானும் நல்ல பலம்தான். ஆனால் நனைந்தால் அதன் பலம் கொஞ்சம் குறையும், இழுப்பும் அதிகம், சாய்ந்தால் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். தென்னைக்கு எட்டு அடி நீளம் போதும். பெரிய வேம்புக்குப் பத்துப் பன்னிரண்டு அடி வேண்டியிருக்கும். கயிற்றின் ஒரு முனையில் ஒரு முழத்துக்குப் புரிகளைப் பிரித்து, ஒவ்வொரு புரி நுனியிலும் டேப் சுற்றுவேன். இரும்புத் திம்பிளை வைத்து அதைச் சுற்றிக் கயிற்றை மடக்கி, பிரித்த புரிகளை முறுக்குக்கு எதிராக, ஒரு புரிக்கு மேல், அடுத்த புரிக்குக் கீழ் என்று நுழைக்க வேண்டும். மூன்று புரியும் மூன்று வெவ்வேறு இடைவெளியில் வெளியே வர வேண்டும். ஒரே இடைவெளியில் ரெண்டு வந்தால் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பி என்பார் பெரியவர். எனக்கு முதல் நாள் ஒன்பது முறை பிரிக்க வேண்டியிருந்தது. தேங்காய் நார்க் கயிறு சொரசொரப்பானது, மூன்று சுற்றுப் பின்னினால் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் வழுக்கும். குறைந்தது ஐந்து முழுச் சுற்று வேண்டும். மிச்ச நுனியை ஒட்ட நறுக்கக் கூடாது. விரல்கடை அளவு விட்டு, நெருப்பில் லேசாகக் காட்டி முனையை மூட வேண்டும். பின்னிய பகுதியை நூலால் மூடிச் சுற்றுவது அழகாக இருக்கும். நான் சுற்றுவதில்லை. உள்ளே பின்னல் நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

இந்த முனையில் கொக்கி. கொக்கி எதுவானாலும் ரெண்டு அசைவில்தான் திறக்க வேண்டும். வாளிக்கொக்கி மாதிரி அமுக்கினால் திறந்துகொள்வது, கிளையில் உரசியே திறந்துகொள்ளும். எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக்காற்றில் கொக்கியின் ஸ்பிரிங் துருப்பிடித்து, திறந்தது மூடாமல் நின்றுவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, காய வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறோம். எண்ணெய் கயிற்றில் படக் கூடாது.

மறுமுனை நீளத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு. இதற்கு 8 மில்லிமீட்டர் கயிற்றில் சின்ன வளையம் செய்து, பெரிய கயிற்றின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி அதற்குள்ளேயே இழுத்துவிட்டால், கையால் தள்ளினால் நகரும், பாரம் விழுந்தால் பிடித்துக்கொள்ளும். ஆஸ்திரியாவில் மலையேறியவரான கார்ல் புருசிக் 1931-ல் எழுதி வெளியிட்டு அவர் பேராலேயே உலகமெல்லாம் வழங்குகிற சுற்று இது. வளையக் கயிறு பெரிய கயிற்றைவிட மெலிசாக இருந்தால்தான் பிடிக்கும். மண்ணும் கரித்தூசும் அப்பிய கயிற்றில் சரியாகப் பிடிக்காது. வளையத்தைத் தாண்டிக் கயிறு முழுசாக உருவிக்கொண்டு போகாதபடி, பெரிய கயிற்றின் கடைசி முனையில் ஒரு தடித்த முடிச்சு கட்டாயம். அங்கே முடிச்சு இருக்கலாம், அதில் பாரம் நிற்பதில்லை.

செய்து முடித்ததும் முழங்கால் உயரத்தில் மரத்தில் மாட்டி, ரெண்டு பேர் சேர்ந்து சாய்ந்து, குதித்து, ஒரு மணி நேரம் ஆட்டிப் பார்ப்போம். பின்னல் இறுகி உட்காரும், தப்பு இருந்தால் தெரியும். ஆனால் இது ஆய்வுக்கூடச் சோதனை ஆகாது. கம்பெனிக் கயிற்றை 1,500 கிலோவுக்கு மேல் இழுத்துப் பார்த்துத்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். அந்த உறுதியை நம் கையால் செய்த கயிற்றுக்கு யாரும் எழுதித் தரப் போவதில்லை. மணல் மூட்டை போட்டு இழுத்த கயிற்றைத் திரும்பவும் மரத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. அதன் உயிர் அங்கேயே போய்விடுகிறது.

இத்தனை செய்தும் ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. அதை மாமாதான் சொன்னார். கட்டிலில் படுத்தபடியே புதுக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, “தென்னையில கால் நழுவினா இது இன்னாடா பண்ணும்? மரத்தோட சேர்ந்து கீழதானே வரும்?” என்றார். உண்மைதான். கிளை இல்லாத மரத்தில், சும்மா சுற்றி வந்த கயிறு ஆளோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். அதனால் தென்னைக்கும் பனைக்கும் இரண்டாவதாக ஒரு கயிறு வேண்டும். மரத்தைச் சுற்றிச் சுருக்காக விழுந்து, இழுத்தால் இறுகும்படி அதைப் போட வேண்டும். வேம்பு, பூவரசு போன்ற மரங்களில் கிளையைத் தாண்டும்போதும் ரெண்டு கயிறு இருந்தால்தான் ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்ற முடியும். கம்பெனியில் தினமும் செய்த காரியம். மரத்துக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ரெண்டு கயிறு வேண்டியதற்கு இன்னொரு காரணம் அரிவாள். போன வருடம் அக்கா மகன் ஒரு பூவரசில் கிளை கழித்துவிட்டு இறங்கியதும் கயிற்றைக் கழுவினான். அழுக்கு போனதும் ஒரு புரியில் பாதி வெட்டு விழுந்திருந்தது தெரிந்தது. எப்போது பட்டது என்று அவனுக்கே தெரியவில்லை. அன்றே அந்தக் கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டேன். முழுசாக விட்டால் யாராவது எடுத்து மாடு கட்டி, பிறகு ஒருநாள் திரும்ப மரத்துக்குக் கொண்டுவருவார்கள். வெளிநாடுகளில் மரம் வெட்டுகிறவர்கள் உள்ளே இரும்புக் கம்பி வைத்த கயிறு பயன்படுத்துகிறார்கள். சீக்கிரம் வெட்டுப்படாது. நம் ஊரில் தெருவுக்குத் தெரு மின்கம்பி மரத்துக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே இரும்பு உள்ளே வைத்த கயிறு எமன். ஈரக் கயிறும் அப்படித்தான். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் கம்பிப் பக்கத்து மரத்தில் ஏறுவதற்கு எந்தக் கயிறும் உதவாது.

மாமாவின் அப்பா பனை ஏறியவர். காலில் போடும் தளைநாரைப் பனைமட்டை நாரில் அவரே முறுக்குவார். ஏறுவதற்கு முன் தண்ணீரில் நனைத்து, காலுக்கும் கைக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பார்ப்பார். ஒரு நார் பிளந்திருந்தாலும் அன்றைக்கு அது அடுப்புக்குப் போய்விடும். அவரும் வீட்டில் செய்த பொருளை நம்பித்தான் ஏறினார். ஆனால், எந்த மட்டையிலிருந்து எடுத்த நார், எத்தனை நாள் ஆனது, எங்கே தேயும் என்பது அத்தனையும் அவருக்குத் தெரியும். நான் கட்டிய கயிறு எதனால் ஆனது என்றுகூட எனக்குத் தெரியாது.

2021-ல் தமிழக அரசு முதல் முறையாக வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போட்டபோது, 76 லட்சம் பனை விதையும் ஒரு லட்சம் கன்றும் கொடுப்பதாகவும், பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள். நல்ல காரியம். நானும் வரப்பில் இருபது கொட்டை புதைத்தேன். அந்தப் பனைகள் வளர்ந்து நிற்கும்போது ஏறுவதற்கு யார் இருப்பார்கள் என்று தெரியவில்லை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்று இளைஞர்களுக்கு இயந்திரத்தில் ஏறப் பயிற்சி கொடுக்கிறது. கேரளத்தில் கண்ணூர் பக்கம் செம்பேரியில் ஒரு விவசாயி கண்டுபிடித்த, ரெண்டு காலாலும் மாறி மாறி மிதித்து ஏறும் கருவி அதில் முக்கியமானது. அதே வாரியத்தில் ‘கேர சுரக்‌ஷா’ என்று மரம் ஏறுகிறவர்களுக்கான விபத்துக் காப்பீடு இருக்கிறது. சந்தாவில் பெரும் பகுதியை வாரியமே கட்டிவிடும். மாமாவுக்கு இது எதுவுமே தெரியாது. எனக்கும் தெரியாது. அவர் விழுந்து ஒரு வருடம் கழித்து, வேறு வேலையாக வேளாண்மை அலுவலகத்துக்குப் போனபோது சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். மரம் ஏறுகிறவர் வீட்டில் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே போய் விசாரியுங்கள். பனை ஏறுகிறவர்களுக்குத் தனியாக நலவாரியமும் உண்டு.

கயிறு எத்தனை நாள் வரும் என்று பலர் கேட்கிறார்கள். தினம் ஏறுகிறவருக்கு ஒரு வருடம் என்று நான் வைத்திருக்கிறேன். செய்த தேதியை ஒரு டேப்பில் எழுதிக் கொக்கிப் பக்கம் சுற்றிவிடுவேன். எங்கள் பக்கம் காற்றில் கரித்தூசும் கடல் மணலும் அதிகம். அது புரிக்குள் புகுந்து ரம்பம் மாதிரி நாரை உள்ளிருந்தே அறுக்கும். அதனால் மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் காய வைக்கிறோம். உர மூட்டை, பூச்சிமருந்து, டிராக்டர் பேட்டரி இருக்கும் அறையில் வைப்பதில்லை. பேட்டரி அமிலத்தின் ஆவி பட்டால்கூட நைலான் கெட்டுப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது. பழைய அரிசி டப்பா ஒன்றில் சுருட்டி வைத்து, வீட்டுக்குள் பரண்மேல் வைத்திருக்கிறோம்.

மரத்தில் ஆள் இருக்கும்போது கீழே ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது மாமா போட்ட சட்டம். பெல்ட்டில் நினைவில்லாமல் தொங்கினால், தொடைப்பட்டை அழுத்தி ரத்த ஓட்டம் நின்று, சில நிமிடத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். இறக்கத் தெரிந்த ஆளும் ஏணியும் பக்கத்தில் இருக்க வேண்டும். கீழே இருக்கும் அந்த ஆள் இப்போது மாமாதான். இடது கால் கொஞ்சம் இழுக்கும், ஏற முடியாது. அக்கா மகன் ஏறுகிறான். அவன் ஏறுவதை நிறுத்தச் சொல்லி அக்கா எவ்வளவோ சண்டை போட்டாள். தென்னைகள் இருக்கின்றன, கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவனும் கேட்பதாக இல்லை.

காலையில் அவன் கிளம்பும் முன், மாமா திண்ணையில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, வெறும் கையால், ஒரு சாண் ஒரு சாணாக உருவுவார். புரியைத் திருகி உள்ளே பார்ப்பார். கொக்கியைப் பத்து முறை திறந்து மூடுவார். அவசரப்படுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். போன வாரம் அப்படி உருவிக்கொண்டு வந்தவர், பின்னலுக்குப் பக்கத்தில் கையை நிறுத்தி, “தம்பி, இங்க வா. இது உனக்குச் சரியாப் படுதா?” என்றார். எனக்குச் சரியாகத்தான் பட்டது. “எனக்குப் படல” என்றார். அன்றைக்கு அக்கா மகன் வேலைக்குப் போகவில்லை. நான் டூ வீலரை எடுத்துக்கொண்டு புதுக் கயிறு வாங்கப் பாரிமுனைக்குப் போனேன்.